விழுந்தால் தப்புவது எது? மோட்டார் சைக்கிள் காப்புக் கம்பியும் ஒரு பழைய கேள்வியும்

சனிக்கிழமை மாலையில் தேக்கா பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். சிராங்கூன் சாலையில் கார் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மோட்டார் சைக்கிள்களோ டெஸ்கர் சாலை, சையது ஆல்வி சாலை ஓரங்களில் கைப்பிடியோடு கைப்பிடி உரசிக்கொண்டு நிற்கும். முஸ்தபாவில் சாமான் வாங்கிவிட்டு வருகிறவர் தம் வண்டியை வெளியே எடுக்க, பக்கத்து வண்டியைச் சற்றே நகர்த்த வேண்டியிருக்கும். கை நழுவினால் போதும், ஒன்று சாய, அடுத்தது சாய, வரிசையே படுத்துவிடும்.

அந்த வரிசையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சில வண்டிகளின் இன்ஜினைச் சுற்றி வளைந்த இரும்புக் குழாய் இருக்கும். சிலவற்றில் இரு பக்கமும் கறுப்பு நைலான் குமிழ் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். பலவற்றில் ஒன்றுமே இருக்காது. குழாயை 'கிராஷ் பார்' என்றும் குமிழை 'ஸ்லைடர்' என்றும் கடைகளில் சொல்வார்கள். இவற்றை எதற்காகப் பூட்டுகிறார்கள் என்று விசாரித்தால் பெரும்பாலும் இரண்டே பதில்தான் வரும். 'கால் தப்பும்' என்பது ஒன்று, 'வண்டி தப்பும்' என்பது மற்றொன்று.

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. கால் தப்பும் என்று நம்பி இருநூறு வெள்ளிக்குக் கம்பி பூட்டிவிட்டு, காலில் ரப்பர் செருப்போடு விரைவுச்சாலையில் போகிறவர் பணத்தோடு சேர்த்து வேறொன்றையும் பணயம் வைக்கிறார்.

போக்குவரத்துப் போலிஸ் வெளியிட்ட கணக்கின்படி 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ச் சாலைகளில் 142 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 85 பேர் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்களும். இந்த நாட்டில் ஓடும் வாகனங்களில் ஏறத்தாழ ஏழில் ஒன்றுதான் மோட்டார் சைக்கிள். அப்படியிருக்க, சாலையில் மாண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதில் சென்றவர்கள். ஆகவே, காப்புக் கம்பி உண்மையிலேயே காலையும் உயிரையும் காக்குமென்றால் அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கும். காக்குமா?

நாற்பது ஆண்டுக்கு முன்னரே கேட்கப்பட்ட கேள்வி

இதை ஒருவர் உட்கார்ந்து விசாரித்திருக்கிறார். அமெரிக்காவில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, விபத்து நடந்த இடத்திற்கே போய் ஆராய்ந்தார்கள். அதோடு 3,600 போலிஸ் அறிக்கைகளையும் படித்தார்கள். 1981இல் அந்த ஆய்வு வெளிவந்தது. 'ஹர்ட் அறிக்கை' என்றால் மோட்டார் சைக்கிள் பாதுகாப்புத் துறையில் இன்றைக்கும் அறியாதவர் இல்லை.

அதில் காப்புக் கம்பியைப் பற்றியும் ஒரு முடிவு இருக்கிறது. கம்பி பூட்டிய வண்டிகளில் பாதத்திலும் கணுக்காலிலும் படும் காயம் குறைந்தது உண்மைதான். ஆனால் தொடை, முழங்கால், கீழ்க்கால் ஆகியவற்றில் காயம் கூடிவிட்டது. ஒரு பக்கம் கிடைத்த இலாபம் மறுபக்கம் நஷ்டமாகப் போய், கூட்டிக் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. காயத்தைத் தடுக்கும் சாதனமாக அதைக் கருத முடியாது என்றே அறிக்கை சொன்னது.

ஏன் அப்படி? விபத்து என்றதும் வண்டி சறுக்கிப் பக்கவாட்டில் விழுவதைத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஹர்ட் குழு பார்த்த விபத்துகளிலோ ஏறத்தாழ நான்கில் மூன்று, வேறொரு வாகனத்தோடு மோதியவை. அவற்றிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டில், மோட்டார் சைக்கிளுக்கு வழிவிட வேண்டிய மற்ற வாகனம் விடாததே காரணம். சந்திப்பில் எதிரே வந்த கார் குறுக்கே திரும்புகிறது. மோட்டார் சைக்கிள் அதன் பக்கவாட்டில் மோதி நிற்கிறது. ஆனால் ஓட்டியவர் நிற்பதில்லை. வந்த வேகத்திலேயே அவர் உடம்பு முன்னே பாய்கிறது. பாதத்திற்கு முன்னால் அரணாக நின்ற அதே இரும்புக் குழாய், முன்னே பாயும் முழங்காலுக்கும் தொடைக்கும் குறுக்கே நிற்கிறது. அரணே இடறுகட்டையாகிவிடுகிறது.

எட்டாண்டு, பத்தாண்டு கழித்து இந்தக் கதை அப்படியே நின்றுவிடவில்லை. 1980களில் பிரிட்டனின் சாலைப் போக்குவரத்து ஆய்வுக்கூடம் வெறும் குழாய்க்குப் பதிலாக, மோதினால் நசுங்கி வேகத்தை உள்வாங்கும் கால் கவசம் ஒன்றை வடிவமைத்துச் சோதித்தது. எல்லா வண்டியிலும் அதைப் பூட்ட வேண்டும் என்ற யோசனைகூட அரசாங்க மட்டத்தில் எழுந்தது. வண்டி தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். கால் தப்பினாலும், கவசம் உடம்பு பாயும் திசையை மாற்றி, தலையில் படும் அடியைக் கூட்டிவிடும் என்பது அவர்கள் வாதம். இரு தரப்பும் ஆளுக்கொரு விதமாகச் சோதனை நடத்தி, ஆளுக்கொரு முடிவைக் காட்டின. யார் சொல்வது சரி என்று ஒப்பிட ஒரு பொது அளவுகோல் இல்லை. 1996இல் 'ஐஎஸ்ஓ 13232' என்ற அனைத்துலகச் சோதனைத் தரம் வந்த பிறகுதான் அளவுகோல் கிடைத்தது. கால் கவசம் சட்டமாகாமலே போயிற்று.

கம்பி விற்கும் நிறுவனங்களும் இதை மறைப்பதில்லை. ஹார்லி-டேவிட்சன் தன் பெரிய வண்டிகளுக்கு இன்ஜின் காப்புக் கம்பி விற்கிறது. மற்றொரு வாகனத்தோடு மோதும்போது உடற்காயத்தைத் தடுக்க இது வடிவமைக்கப்படவில்லை என்று கூடவே எச்சரிக்கையும் அச்சிட்டுத் தருகிறது. எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஒரு சலுகை மட்டும் கம்பிக்குத் தரலாம். மழையில் மெதுவாகத் திரும்பும்போது வண்டி வழுக்கிச் சாய்ந்தால், இருநூறு கிலோ எடை காலின் மேல் படுத்துவிடாமல் கம்பி ஒரு சாண் இடைவெளியைக் காத்துக் கொடுக்கும். அந்த ஒரு சாணில் கணுக்கால் பிழைத்தவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதும் பொய்யல்ல. ஆனால் அது குறைந்த வேகத்தில், வேறு எதிலும் மோதாமல் விழுகிற கதை.

அப்படியானால் வண்டி?

இங்கேதான் கம்பியும் குமிழும் தம் காசுக்கு வேலை செய்கின்றன.

நிற்கிற மோட்டார் சைக்கிள் சாய்ந்தால் தரையை முதலில் தொடுபவை கைப்பிடி முனை, கால் வைக்கும் கட்டை, இன்ஜின் பக்கமூடி. கைப்பிடியில் இருக்கும் கிளட்ச் நெம்புகோல் உடைந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப முடியாது. இன்ஜின் பக்கமூடி வார்ப்பு அலுமினியம். கல்லில் அடிபட்டால் விரிசல் விடும், ஓட்டையாகும். உள்ளிருக்கும் எண்ணெய் கசிந்து பின் டயரில் பட்டால் அடுத்த வளைவிலேயே இன்னொரு விழுதல் காத்திருக்கிறது. பிளாஸ்டிக் போர்வை போட்ட ஸ்போர்ட்ஸ் ரக வண்டியென்றால் கீறல் விழுந்த ஒரு பக்கப் போர்வையை மாற்றவே சில நூறு வெள்ளி போய்விடும்.

சிங்கப்பூரில் இந்தக் கணக்கு மற்ற ஊர்களைவிடக் கனமானது. மோட்டார் சைக்கிளுக்கான வாகன உரிமைச் சான்றிதழ், 'டி' பிரிவு, 2000களில் ஆயிரம் வெள்ளியைச் சுற்றியே கிடந்தது. 2022இல் அது 13,000 வெள்ளியையும் தாண்டியது. பத்தாண்டுக்கு ஓட்டும் உரிமைக்கே அவ்வளவு கொடுத்துவிட்டு, 2பி உரிமத்தில் ஓட்டக்கூடிய 200 சிசிக்கு உட்பட்ட வண்டியைக் கடனில் வாங்கும் இளைஞருக்கு, உடைந்த இன்ஜின் மூடி என்பது சின்ன விஷயம் அல்ல. உணவு விநியோகம் செய்து பிழைப்பவருக்கோ வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானமில்லாத நாள்.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மட்டும்தான். சந்தா குறைவு என்பதால் பல மோட்டார் சைக்கிளோட்டிகள் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் காப்பீட்டில், தானாக விழுந்த தன் வண்டிக்கு ஒரு காசு வராது. முழுக் காப்பீடு எடுத்தவரும் முந்நூறு வெள்ளிச் சேதத்திற்குக் கோரிக்கை வைக்க யோசிப்பார். முதலில் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை ஒன்று இருக்கும். கோரிக்கையில்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போய்விடும். மோட்டார் சைக்கிளுக்கு அது உச்சமாக 20 விழுக்காடு.

இன்னொன்றையும் கவனிக்கலாம். புக்கிட் பாத்தோக், உபி, உட்லண்ட்ஸ் ஓட்டுநர் பயிற்சி நிலையங்களில் மாணவர் ஓட்டும் வண்டிகளில் கனத்த காப்புக் கம்பி இருக்கும். குறுகலான பலகைமீது ஓட்டும்போதும், எட்டு வடிவப் பாதையில் திரும்பும்போதும் வண்டியைக் கீழே போடாத மாணவர் அபூர்வம். கம்பி அடியை வாங்கிக்கொள்ளும். வண்டியைத் தூக்கி நிறுத்தி மறுபடியும் ஓட்டுவார்கள். உரிமம் கிடைத்து, கடையிலிருந்து புது வண்டியைக் கொண்டுவரும் முதல் மாதத்தில் அதே மாணவர் அதே தவறைச் செய்வார். ஆனால் இப்போது கம்பி இல்லை. பயிற்சி வண்டி வாங்கிக்கொண்ட அடிகளை அவர் தம் திறமை என்று எண்ணிவிடுவதும் நடக்கிறது.

குமிழா, குழாயா?

இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. குழாய் பல இடங்களில் சேஸியோடு பிணைக்கப்பட்ட கூண்டு. அடி விழுந்தால் அது வளைந்து, பல போல்ட்டுகளுக்கு விசையைப் பகிர்ந்து கொடுக்கும். இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நல்ல மறைப்பு. எடை கூடும், அகலமும் கூடும். காலை நேரத்தில் கடற்பாலத்தை நோக்கி நிற்கும் மோட்டார் சைக்கிள் வெள்ளத்தில் இருந்தவர்களுக்கு ஓர் அங்குல அகலத்தின் அருமை தெரியும்.

குமிழ் வேறு சங்கதி. இன்ஜினை சேஸியோடு பிணைக்கும் போல்ட் ஒன்றைக் கழற்றி, அதைவிட நீளமான போல்ட்டை நுழைத்து, அதன் முனையில் நைலான் உருளையை வைப்பார்கள். பந்தயத் தடத்தில் பிறந்த யோசனை இது. தடத்தில் வண்டி விழுந்தால் தடையில்லாத தார்ப்பரப்பில் சறுக்கிக்கொண்டே போகும். குமிழ் தேயும், போர்வையும் இன்ஜினும் தப்பும்.

சிங்கப்பூர்ச் சாலை பந்தயத் தடம் அல்ல. சாலையோரக் கல், நடுத்தடுப்பு, வடிகால் மூடி என்று இடறுவதற்கு இங்கே எத்தனையோ உண்டு. சறுக்கிப் போகும் வண்டியின் குமிழ் ஓரக்கல்லில் மாட்டினால் சறுக்கல் உருளலாக மாறிவிடக்கூடும். படுத்துப் போன வண்டி தூக்கியடிக்கப்படும். அதோடு, அந்த அடி முழுவதும் ஒரே ஒரு போல்ட்டின் வழியாக இன்ஜின் பிணைப்புக்குப் போகிறது. குமிழ் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறதோ, அடிப்பகுதியில் விழும் வளைவு விசை அவ்வளவு கூடும். நீளம் இரட்டிப்பானால் அதுவும் இரட்டிப்பு. போல்ட் வளைந்தால் பாதகமில்லை. பிணைப்புக் காது விரிசல் விட்டாலோ, சேஸியே போயிற்று. சேஸி எண்ணின்மேல்தான் வண்டியின் பதிவே இருக்கிறது. இருநூறு வெள்ளிப் போர்வையைக் காக்கப் போய் வண்டியையே இழந்த கதையாகிவிடும்.

ஆகவே குமிழ் வாங்குகிறவர் விலையை மட்டும் பார்த்தால் போதாது. அந்த வண்டி ரகத்திற்கென்றே செய்யப்பட்டதா, ஒரு போல்ட்டில் நிற்கிறதா அல்லது தகடு வைத்து இரண்டு மூன்று இடங்களில் பிணைகிறதா, போர்வையில் ஓட்டை போட வேண்டுமா என்று கேட்க வேண்டும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று இணையத்தில் மலிவாக விற்பது பெரும்பாலும் எந்த வண்டிக்கும் சரியாகப் பொருந்தாது.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதெல்லாம் சற்று வேடிக்கையாக இருக்கலாம். சென்னைத் திருவொற்றியூரில் 1955 முதல் உருவான புல்லட் வண்டிக்குக் காப்புக் கம்பி பூட்டாதவரை அங்கே யாரும் முழு உரிமையாளராக மதிப்பதில்லை. பின் சக்கரத்தில் சேலை சிக்காமலிருக்க ஒரு தடுப்பு வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. அது உண்மையிலேயே உயிர்காக்கும் தடுப்பு. அதே இந்தியாவில் 2017 டிசம்பரில், கார்களின் முன்னால் பூட்டும் கனத்த கம்பிகளை அனுமதிக்கக்கூடாது என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சு மாநிலங்களுக்கு எழுதியது. பாதசாரிகளுக்கும் உள்ளிருப்பவர்களுக்கும் அவை ஆபத்து என்பது காரணம். இரும்பு கனமாக இருந்தால் பாதுகாப்பும் கனமாக இருக்கும் என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் மட்டும் உள்ளதல்ல. உலகம் முழுக்க உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: அனுமதி தேவைப்படாதவை, அனுமதி பெற்றுச் செய்ய வேண்டியவை, அறவே கூடாதவை. சட்டவிரோத மாற்றம் செய்த வண்டியைச் சாலையில் ஓட்டினால் முதல் குற்றத்திற்கே அபராதமோ, சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வாங்க நினைக்கும் பொருள் எந்த வகையில் வருகிறது என்பதைக் கடைக்காரரிடம் கேட்பதைவிட ஆணையத்தின் ‘ஒன் மோட்டாரிங்’ இணையப்பக்கத்தில் பார்ப்பது நல்லது. 'எல்லாரும் பூட்டுகிறார்கள்' என்பது சட்ட விளக்கம் ஆகாது. மூன்று வயதைத் தாண்டிய மோட்டார் சைக்கிள் ஆண்டுக்கொரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டும். கூர்முனையோடு துருத்தி நிற்பதும் ஆட்டம் கொடுப்பதும் அங்கே கண்ணில் படாமல் போகாது. பூட்டியதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்து வைப்பது ஐந்து நிமிட வேலை. விபத்துக்குப் பிறகு அதைச் சொல்லாமல் விட்டதற்காக வாதாடுவது ஐந்து மாத வேலை.

பூட்டலாமா, வேண்டாமா? எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை. புதிதாக உரிமம் வாங்கியவர், போர்வையில்லாத நடுத்தர வண்டி, வீவக கார்நிறுத்துமிடத்தில் நெருக்கியடித்து நிறுத்துபவர் – இவர்களுக்குத் தரமான கம்பி போட்ட காசை ஒரே விழுதலில் திருப்பிக் கொடுத்துவிடும். விடுமுறைக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வழியாக ஹாட்யாய் வரை போகிறவர்களுக்கும் அப்படியே. பட்டறை கண்ணுக்கு எட்டாத இடத்தில் இன்ஜின் மூடி உடைந்தால் பயணமே முடிந்தது. அலுமினியச் சேஸி கொண்ட விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் வண்டிக்காரர், ஒற்றைப் போல்ட் குமிழைப் பூட்டுவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்கலாம். இன்ஜின் மூடிமேல் பொருத்தும் தனி உறை அவருக்குப் பொருத்தமாக இருக்கக்கூடும். தினமும் வேலைக்குப் போய்வரும் சின்ன 'கப்சாய்' வண்டிக்கு இதெல்லாம் அவசியமே இல்லை. அதன் முன் மறைப்பு மலிவு, உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

காலுக்குத்தான் என்று மனத்தில் கணக்குப் போட்டவர்கள் அந்தப் பணத்தை வேறு விதமாகச் செலவழிக்கலாம். கணுக்காலை மூடும் பூட்ஸ், முழங்கால் கவசம், நல்ல டயர். புது வண்டி வாங்குகிறவர் என்றால் ஏபிஎஸ் பிரேக். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் ஒப்பிட்டுப் பார்த்ததில், ஏபிஎஸ் உள்ள மோட்டார் சைக்கிள்களில் உயிர்ச்சேத விபத்து 22 விழுக்காடு குறைவாக இருந்தது. காப்புக் கம்பிக்கு அப்படி ஒரு எண்ணை யாரும் காட்டியதில்லை. விழுந்த பிறகு காப்பதைவிட விழாமல் காப்பது மலிவு என்பதை மனைவிமார்கள் எந்த ஆய்வும் படிக்காமலே சொல்லி வருகிறார்கள்.

பூட்டுவதென்று முடிவு செய்தாயிற்றா? உபியிலோ காக்கி புக்கிட்டிலோ பட்டறைக்குக் கொண்டுபோகும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் பிணைப்பு போல்ட்டைக் கழற்றும் முன் இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தாங்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன அளவு முறுக்கு விசையைக் காட்டும் ஸ்பேனரால்தான் இறுக்க வேண்டும். அதிகமாக இறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். குறைவாக இறுக்கினால் ஓட்ட ஓட்டக் கழலும். ஒரு மாதம் ஓட்டிவிட்டு மறுபடியும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

ஒருமுறை விழுந்து எழுந்த குமிழைத் தேய்த்து மெருகேற்றி மீண்டும் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. குமிழ் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் போல்ட்டை வெளியே எடுத்து ஒரு கண்ணாடி மேசைமேல் உருட்டிப் பாருங்கள். துள்ளித் துள்ளி உருண்டால் அது வளைந்துவிட்டது, இன்னொரு அடியைத் தாங்காது. புது போல்ட் சில வெள்ளிதான்.